மிதித்த பாத்தி

இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் சகாதேவன் வந்து நின்றதைப் பார்த்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் எங்கள் விமானப் பயிற்சிப் பள்ளியின் முதலாளி. நான் ஜெயப்ரியா, அங்கே ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். இரண்டே பேர் உட்காரும் பழைய விமானம் ஒன்றை அவர் விற்கப் போகிறார். சென்னைக்கு வடக்கே இருக்கிற ஆளிடம் அதை நான் கொண்டுபோய் விட வேண்டும்.

போன தை மாதம் வரைக்கும் அதே மாதிரி இன்னொன்றும் எங்களிடம் இருந்தது. அதில் தனியாகப் போன என் மாணவன் பரத் மரக்காணம் உப்பளத்தில் விழுந்தான். விமானம் தலைகீழாகக் கவிழ்ந்து, இவன் பெல்ட்டில் தொங்கியபடி, முழங்கால் அளவு உப்புத் தண்ணீரில் மூச்சு முட்டிச் செத்தான். முழங்கால் அளவு! நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். விசாரணைக்கு வந்தவர்களிடம் சகாதேவன் ஒரே வரிதான் சொன்னார்: "பையனுக்கு ஓட்டத் தெரியல." அவர்களும் அதையே எழுதிக்கொண்டு போனார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்கு அந்தக் கெட்ட பெயரும் போய்ச் சேர்ந்தது.

இந்தப் பழைய என்ஜின்களில் ஒரு தொல்லை உண்டு. குளிர்காலத்து ஈரக் காற்றில் பறந்தால் கார்புரேட்டருக்குள் பனிக்கட்டி பிடிக்கும். வெளியே நமக்கு வியர்த்தாலும் உள்ளே பிடிக்கும். அப்போது ஒரு லீவரை இழுக்க வேண்டும். இழுத்தால் சூடான காற்று உள்ளே போய்க் கட்டியைக் கரைத்துவிடும். சாவதற்குச் சில நாள் முன்பு அந்த லீவர் லொடலொட என்று ஆடுவதாகப் பரத் என்னிடம் சொன்னான். நான் சகாதேவனிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"நம்ம ஊர்ல ஏதும்மா ஐஸு? ஜூஸ் கடையிலதான் இருக்கும்."

விற்கப் போகும் விமானத்தின் லீவரைப் பற்றி இந்த முறையும் கேட்டேன். புது கேபிள் போட்டாகிவிட்டது என்று சாமிமேல் சத்தியம் செய்தார். அப்படியானால் நீங்களும் பக்கத்தில் வந்து உட்காருங்கள் என்றேன். மெக்கானிக்குகள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீம்புக்காகவே ஏறி உட்கார்ந்தார். கிளம்புமுன் லீவரை இழுத்துச் சோதித்தேன். என்ஜின் சத்தம் இறங்க வேண்டிய அளவுக்கு இறங்கியது. நம்பினேன்.

வெயில் வந்த பிறகுதான் கிளம்பினோம். கூனிமேடு வரைக்கும் கீழே எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. படகுகள் கரையேறிக்கொண்டிருந்தன. ஈ.சி.ஆரில் பஸ்கள் ஓடின. அதைத் தாண்டியதும் கழுவெளி ஏரிப் பக்கமிருந்து மூடுபனி நகர்ந்து வந்து ரோட்டை மறைத்தது. வெயில் ஏறிய பிறகும் இப்படி ஒரு பனியை நான் அந்தப் பக்கம் பார்த்ததில்லை. பனிக்கு மேலே ஏறிவிடலாம் என்று த்ராட்டிலைத் தள்ளினேன்.

என்ஜின் இருமியது.

லீவரை இழுத்தேன். அது எந்தக் கனமும் இல்லாமல் முழு நீளத்துக்கும் என் கையோடு வந்தது. மறுமுனையில் எதுவும் இல்லை.

"என்னம்மா, என்ன சத்தம்?" என்றார் சகாதேவன்.

பதில் சொல்ல ஆரம்பித்திருந்தால் அந்த ஆளின் கன்னத்தில் அறைந்திருப்பேன். என்ஜின் இன்னும் இரண்டு முறை உதறியது, பிறகு நின்றது. மூக்குக்கு முன்னால் காற்றாடி அசையாமல் நின்றதைப் பார்த்ததும் அவர் முருகா முருகா என்று முனகத் தொடங்கினார். ரேடியோவில் ஆபத்து என்று கூப்பிட்டேன். சென்னையிலிருந்து யாரோ பதில் சொல்ல வந்தார்கள், பாதியில் அறுந்துபோனது.

என்ஜின் நின்ற விமானம் உடனே விழாது, சறுக்கிக்கொண்டு இறங்கும். இறங்க ஓர் இடம்தான் வேண்டும். ரோட்டில் பஸ்ஸும் கரண்ட் கம்பியும். கடற்கரையில் மீன் ஏலத்துக்குக் கூடிய ஜனம். மிச்சம் மரக்காணம் உப்பளம்தான். பனி கிழிந்த இடத்தில் வெள்ளையாக, நீளமாக, ஓடுதளம் போலவே ஒன்று பளபளத்தது. மூக்கை அதை நோக்கித் திருப்பினேன்.

அப்போதுதான் அந்த வாடை வந்தது. சேறும் உப்பும் கலந்த, தேங்கிய தண்ணீரின் வாடை. ஜன்னல்கள் மூடியிருந்தன.

ஹெட்போனில் யாரோ மூச்சு விட்டார்கள்.

"மேம், மின்னுறது வேணாம். அது தண்ணி."

அந்தக் குரலுக்கு நான் ஒரு வருஷம் பாடம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

"கருப்பா இருக்குது பாருங்க. அது மிதிச்ச பாத்தி. கெட்டியா இருக்கும்."

திரும்பிப் பார்த்தேன். சகாதேவன் ஹெட்போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். உதடு வெளுத்திருந்தது. அவருக்கும் கேட்டிருக்கிறது.

வெள்ளைக்கு வலது பக்கம் கருப்பாக நீண்டு கிடந்தது ஒரு பாத்தி. அதற்குத் திருப்பினேன். பனி மறுபடி மூடிக்கொண்டது. காற்று இறக்கையில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. தரை எந்த நொடியும் வரலாம்.

"மேம், இதுல ஆளுங்க இருக்காங்க. அடுத்தது."

எனக்கு யாரும் தெரியவில்லை. வெறும் வெள்ளை.

"திருப்புங்க மேம்."

திருப்பினேன்.

இடது இறக்கையின் கீழே பனிக்குள்ளிருந்து தலைகள் வந்தன. வரிசையாகப் பெண்கள், கையில் கம்பு ஊன்றி, குனிந்தபடி, பாத்தித் தரையைக் காலால் மிதித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்திகூட நிமிரவில்லை. செத்த என்ஜினுக்கு ஏது சத்தம்? ஒரு நொடி தாமதித்திருந்தால் அத்தனை பேர் மேலும் போயிருப்பேன்.

அடுத்த பாத்தியில் சக்கரம் பட்டது. தரை சிமெண்டுபோல் தாங்கியது. வரப்பில் இடிப்பதற்கு முன்னால் விமானம் வேகம் அடங்கி நின்றது.

சகாதேவன் ஹெட்போனைப் பிய்த்து எறிந்தார். அது அவர் காலடியில் கிடந்தது. ஆனாலும் குரல் அவர் காதுக்குப் பக்கத்தில் இருந்துதான் வந்தது.

"கேளுங்க மேம். நான் தப்பா ஓட்டினேனான்னு சார்கிட்ட கேளுங்க."

அவர் கதவைத் திறந்து விழுந்தடித்துக்கொண்டு வெளியே ஓடினார். நான் இறங்கி என்ஜின் மூடியைத் திறந்தேன். புது கேபிளும் இல்லை, ஒன்றும் இல்லை. அறுந்த பழைய கேபிளின் இரண்டு முனைகளையும் கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தார்கள். கட்டு அவிழ்ந்து தொங்கியது. வீட்டுக் கொடிக்கம்பியைக்கூட இதைவிட ஒழுங்காகக் கட்டுவார்கள்.

மிதித்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடி வந்தார்கள். முன்னால் வந்தவள் பெயர் முத்தம்மாள். மழைத் தண்ணீர் வடிந்ததும் தையில் பாத்தியை மிதித்துக் கெட்டியாக்கினால்தான் சேறு கலக்காமல் உப்பு விளையும் என்றும், போன வருஷம் இதே வேலையில் இருந்தபோதுதான் அந்த விமானம் வந்தது என்றும் சொன்னாள். மிதிக்காத பாத்தியைக் கையால் காட்டினாள். பரத் விழுந்த இடம் அது.

"நேரா எங்க மேலதான் வந்துச்சு. எங்கள பாத்துட்டுத்தான் அந்தத் தம்பி தண்ணிப் பக்கம் திருப்பிச்சு. விசாரிக்க வந்த ஆபீசருங்க எங்கள ஒரு வார்த்த கேக்கல."

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கெட்டியான தரை கண்ணுக்கு முன்னால் இருந்தும் அதில் ஆட்கள் நின்றதால் சேற்றுக்குள் போனவனைத்தான் ஓட்டத் தெரியாதவன் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

வரப்பின்மேல் சகாதேவன் வக்கீலோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் சரியாக இறக்கவில்லை, எனக்கும் ஓட்டத் தெரியவில்லை என்று சொல்ல வாயெடுத்தார். பாதியில் இருமல் வந்தது. வாயிலிருந்து தண்ணீர் கொட்டியது. பயத்தில் வாந்தி எடுக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். வாயைத் துடைத்துக்கொண்டு அதையே மறுபடி சொல்லப் பார்த்தார். மறுபடியும் கொட்டியது. சட்டையில் அது காய்ந்த இடத்தில் உப்புப் பூத்தது.

மறுமாதம் சென்னையில் விசாரணை நடந்தது. முத்தம்மாளை நான்தான் அழைத்துப்போனேன். அவள் பார்த்ததையெல்லாம் சொன்னாள். பிறகு அதிகாரி சகாதேவனிடம் பரத்தைப் பற்றிக் கேட்டார்.

"அந்தப் பையனுக்கு ஓட்ட..."

மேசை நனைந்தது. அதிகாரி கோப்பைத் தூக்கிக்கொண்டு டாக்டரைக் கூப்பிடச் சொன்னார். சகாதேவன் வேண்டாம் என்று கை காட்டினார். கண்ணை மூடிக்கொண்டு வேறு வாக்கியத்தை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

"கேபிள் அறுந்திருந்துச்சு. எனக்குத் தெரியும். ரெண்டு பிளேன்லயும் கம்பி வெச்சிக் கட்டச் சொன்னது நான்தான்."

ஒரு சொட்டுகூட வரவில்லை. பரத்தைப் பற்றி எழுதியிருந்ததை அன்றே திருத்தினார்கள். அவன் தவறு எதுவும் இல்லை என்று அதிகாரி வாசித்தபோது முத்தம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே வராந்தாவுக்கு வந்ததும் சகாதேவனுக்குத் தெம்பு திரும்பிவிட்டது. தலையைக்கூடச் சீவிக்கொண்டார். என்னிடம் வந்து, இனிமேல் தொல்லை இருக்காது என்பதுபோலச் சிரித்தார்.

"இருந்தாலும் ஜெயப்ரியா, அவனும் கொஞ்சம் பாத்து ஓட்டியிருக்கலாம்."

சிரிப்பு அப்படியே நின்றது. தொண்டை ஏறி இறங்கியது. வாய் வழியாக வந்தது, மூக்கு வழியாகவும் வந்தது. மதிய வெயில் அடிக்கிற காய்ந்த தரையில் நின்றுகொண்டு அந்த மனிதர் மூச்சுக்குத் தவித்தார். கை தோளருகே போய், இல்லாத ஒரு பெல்ட்டை அவிழ்க்கத் துழாவியது.

முத்தம்மாள் நடுங்கிப்போய், அவருக்குப் பின்னால் ஆளில்லாத இடத்தைப் பார்த்து மெல்லச் சொன்னாள்.

"போதும் தம்பி. வுட்டுடு."

நான் சொல்லவில்லை.

தண்ணீர் நிற்கவும் இல்லை.