இரண்டு முனையிலும் பச்சை

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். ஒன்று பொய்யென்றாலும் வாயில் மிச்சமிருக்கும் பற்கள் இன்றே உதிர்ந்துபோகட்டும்.

துப்பறிவாளரை எல்லோரும் ஆமை என்றே அழைத்தார்கள். ஒருமுறை அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியின் கால் முறிந்தது. தரையைத் தொடுவதற்குள் கையிலிருந்த பத்திரிகையில் ஒரு பக்கத்தைப் படித்து முடித்துவிட்டார். அவருடைய மனைவியின் தம்பிக்கு அவசரம் என்று பெயர் வைத்திருந்தார்கள். கேள்வி பிறக்கும் முன்பே பதிலோடு நிற்பவன். பெரும்பாலும் அது வேறொரு கேள்விக்கான பதிலாக இருக்கும்.

அன்று காலை ஸ்பிரிங் தொழிற்சாலை முதலாளியம்மா வந்து, துண்டில் சுற்றிக் கொண்டுவந்ததை மேசைமேல் வைத்தார். கட்டைவிரல் பருமனுள்ள எஃகுக் கம்பியைச் சுருட்டிச் செய்த லாரி ஸ்பிரிங் அது. முழங்கால் உயரம் நிற்க வேண்டியது, அடுக்கிய தோசைக்கல் மாதிரி படுத்துக் கிடந்தது.

"அமுங்கினது எழுந்திருக்கவே இல்லீங்க. வளைவுல லாரி ஒருபக்கமாச் சாஞ்சு கவுந்துடுச்சு."

லாரியில் முட்டை. பன்னிரண்டாயிரம் முட்டையில் ஒன்றுகூட உடையவில்லை. டிரைவரின் கால்தான் உடைந்தது.

"எங்க மாப்பிள்ளை, உலையைப் பாத்துக்கற என் கொழுந்தன்தான் சூட்டைச் சரியா வைக்காம விட்டுட்டான்னு சொல்றார். சாயங்காலம் போலீஸ் வருது. அவனைக் கைகாட்டிட்டா தொழிற்சாலை தப்பிச்சுடுமாம்."

"நீங்க என்ன நினைக்கறீங்க?"

"நான் கல்யாணமாகி வந்தப்போ அவனுக்கு ஆறு வயசு. நான்தான் சோறு ஊட்டினேன். அவன் தூங்கினாலும் அவன் உலை தூங்காதுங்க."

"கொழுந்தனேதான்!" என்று எழுந்தான் அவசரம்.

"மச்சான், முதல்ல செருப்பைப் போட்டுக்க. அப்புறம் கண்டுபிடிக்கலாம்" என்றார் ஆமை.

தொழிற்சாலையில் எண்ணெய் வாடையும் சூடும் மூக்கை அடைத்தன. கம்பிக்கட்டுகள் கிடந்த கிடங்குக்கு மூன்று சாவிகள். ஒன்று கொள்முதலைக் கவனிக்கும் மருமகனிடம், ஒன்று கொழுந்தனிடம், ஒன்று ஸ்டோர்காரரிடம். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட விதத்தில், பூட்டே தேவையில்லை என்று தோன்றியது. கொழுந்தன் யாரோடும் பேசாமல் உலைப் பக்கம் போய் நின்றான். மருமகன், வெயிலே இல்லாத இடத்தில் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

கம்பியை வாங்கி வைப்பதும் வெட்டிக் கொடுப்பதும் ஸ்டோர்காரர் வேலை.

"ஸ்பிரிங் எஃகுக்குன்னு தரநிலை இருக்குங்க. கார்பன் இவ்வளவு, சிலிக்கன் இவ்வளவு, மேல கீறல் கூடாது. அப்படித் தேறின கம்பிக்கு ஆலையிலயே ஒரு முனையில பச்சை பூசி அனுப்புவாங்க. வாசல் கேட்டு, ஜன்னலுக்குப் போற சாதா இரும்புன்னா சிவப்பு."

"வந்ததும் சோதிப்பீங்களா?"

"கட்டுக்கு ஒரு கம்பி."

"எந்தக் கம்பி?"

"மேல இருக்கறதுதான். நடுவுலருந்து உருவினா முதுகு என்னோடதுங்களே!" என்று சிரித்தார். "ஆனா ஒண்ணு, ஆலைக்காரனுக்கு இப்பல்லாம் பெயின்ட் ஓசியில கிடைக்குதுபோல. நடுக்கம்பிங்களுக்கு ரெண்டு முனையிலயும் பச்சை. எந்தப் பக்கம் வெட்டறதுன்னே புரியல."

"எந்தப் பக்கம் வெட்டினா என்ன?"

"நல்லாக் கேட்டீங்க! பூசாத முனையிலருந்துதான் வெட்டணும். அப்பதானே கடைசித் துண்டு வரைக்கும் அடையாளம் நிக்கும்? பச்சையை வெட்டி எறிஞ்சுட்டா, மிச்சம் என்ன எஃகுன்னு அதைப் பெத்தவனுக்கே தெரியாது."

ஆமை ஒரு கட்டை அவிழ்க்கச் சொன்னார். மேல்கம்பியைச் சாணைக்கல்லில் வைத்ததும் பொறி பூப்பூவாக வெடித்துச் சிதறியது. நடுக்கம்பியை வைத்தார்கள். நீளமான கோடுகள் சோம்பலாக ஓடி அணைந்தன. கார்பன் குறைந்த மெத்து இரும்பு அப்படித்தான் எரியும். ஸ்டோர்காரரின் சிரிப்பும் அதோடு அணைந்தது.

ஆமை அந்தக் கம்பியின் முனையைப் பேனாக்கத்தியால் சுரண்டினார். பச்சைக்கு அடியில் இன்னொரு பூச்சு இருந்தது. குனிந்து பார்த்தார்.

"சிவப்பு" என்றார்.

"அப்போ ஸ்டோர்காரர்!" என்றான் அவசரம். "சாவி, பிரஷ், மேல்கம்பியைத்தான் சோதிப்பாங்கங்கற விஷயம் எல்லாம் அவர்கிட்ட இருக்கு!"

"மூணு பேர்கிட்டயும் இருக்கு மச்சான்."

பிறகு அவர் விசித்திரமான காரியம் ஒன்று செய்தார். புதிதாக வெட்டிய, பூச்சே இல்லாத மூன்று கம்பிகளைக் கிடங்கில் கிடத்தி, பக்கத்தில் பச்சை டப்பாவையும் பிரஷ்ஷையும் வைத்தார். மூன்று பேரையும் ஒவ்வொருவராகத் தனியே உள்ளே அழைத்தார்.

"போலீஸ் வர்றப்போ காட்டறதுக்குச் சோதிச்ச கம்பி வேணும். ஸ்பிரிங் கம்பிக்கு எப்படி அடையாளம் இருக்கணுமோ, அப்படிப் பூசிடுங்க."

மூன்று பேரும் பூசிவிட்டு வந்தபின் எல்லோரையும் உள்ளே கூட்டினார். முதலாளியம்மா கதவோரம் நின்றார். வெளியே, போலீஸுக்காகக் கேட்டைத் திறந்து வைக்கும் சத்தம் கேட்டது.

"உலையில சூடு குறைஞ்சிருந்தா எல்லாக் கம்பியும் மெத்துன்னு போயிருக்கணும்" என்று ஆரம்பித்தார் ஆமை. "இங்க நடுக்கம்பி மட்டும் மெத்து, அதுவும் உலையைப் பாக்கறதுக்கு முன்னாடியே. ஆக, சாதா இரும்பை யாரோ பச்சை பூசி நடுவுல சொருகியிருக்காங்க. நல்ல எஃகு வேற எங்கயோ போயிருக்கு."

"அதைச் செஞ்சதும் சின்ன மாமாவாத்தான் இருக்கும்!" என்றார் மருமகன்.

"செஞ்சவர் ரெண்டு முனையிலயும் பூசியிருக்காரு. கம்பி வெட்டற இடத்துல ஒருநாள் நின்னவன்கூட அப்படிப் பூச மாட்டான். அவங்களுக்குப் பூசாத முனைதான் கத்தி வைக்கற இடம். பூசினா வேலையே ஓடாது."

"வேணும்னே குழப்பறதுக்காகப் பூசியிருந்தா?" என்றான் அவசரம். அன்றைக்கு அவன் கேட்ட ஒரே நல்ல கேள்வி அதுதான்.

"யாரும் கவனிக்கக் கூடாதுன்னு நினைக்கறவன், கவனிக்கறமாதிரி பூசுவானா மச்சான்? ஒரு பக்கம் போதுமோ போதாதோன்னு பயந்தவன்தான் ரெண்டு பக்கமும் பூசுவான். நீயே பாரு."

தரையில் மூன்று கம்பிகள் கிடந்தன. ஸ்டோர்காரர் பூசியது ஒரு முனையில். கொழுந்தன் பூசியது ஒரு முனையில். மூன்றாவது கம்பியின் இரண்டு முனைகளும் ஈரமாக மின்னின. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்த வழியெல்லாம் தரையில் சொட்டுகள்.

மருமகன் முதலாளியம்மா பக்கம் திரும்பினார். "அத்தை, நான்... எப்படியும் யாருக்கும் அடிபடாதுன்னுதான்..."

முதலாளியம்மா கதவோரத்திலிருந்து முன்னால் வந்தார்.

"நீங்க என் மகளைக் கட்டினவர். அதனால கேட்டுவரைக்கும் நானே கூட வர்றேன், மாப்பிள்ளை" என்றார். "போலீஸ்கிட்ட இப்ப சொன்னதையே சொல்லுங்க. அந்த டிரைவர் வீட்டுக்கு நான் போறேன்." பிறகு திரும்பினார். "டேய், ஏன்டா மரம்மாதிரி நிக்கறே? உலை ஆறுது பாரு."

"சரி அண்ணி" என்றான் கொழுந்தன். அன்று அவன் பேசிய முதல் வார்த்தை. கண்ணைத் துடைத்த கையோடு போய் உலைக்கதவைத் திறந்தான்.

அவசரம் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஆமையின் புகழ் பாடிக்கொண்டே வந்தான்: அந்தச் சிவப்பை மட்டும் அத்தான் கண்டுபிடிக்காமல் இருந்திருந்தால் வழக்கே நின்றிருக்காது என்று.

ஆமைக்குப் பிறந்ததிலிருந்தே சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாது.