துருவேறிய டப்பாக்கள்

காருக்குப் பின்னால் தகர டப்பாக்கள் உருளும் சத்தம் கேட்டது. கடகட, கடகட. மெரடித் ரேடியோவை அணைத்துவிட்டுக் கேட்டாள். போன வருஷம், கல்யாணமான கையோடு இதே ப்ளூ ரிட்ஜ் மலைப்பாதையில் வந்தபோதுதான் டப்பாக்கள் இருந்தன. புதுமணத் தம்பதியின் வண்டியில் நண்பர்கள் கயிற்றில் கோத்துக் கட்டிவிடுகிற காலி சூப் டப்பாக்கள். இன்று யாரும் எதையும் கட்டவில்லை.

"கோல்பி, உனக்குக் கேக்குதா?"

"என்னது?" என்றான் கணவன், சாலையைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "கல்யாண நாளும் அதுவுமா உர்ருனு வராத. மேல போய் நம்ம கல்யாண கேக்கை வெட்டுவோம், மொத வருஷ நாளுக்குன்னு எடுத்து வெச்சதாச்சே. ஒரு வருஷமா ஃப்ரீசர்ல கெடந்தது, கல்லாட்டம் இருக்கும். என் பல்லு போச்சுன்னா நீதான் பொறுப்பு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மடியிலிருந்த கேக் பெட்டியின் குளிரில் தொடை மரத்திருந்தது. மணி நாலுதான், ஆனாலும் மூடுபனி கண்ணாடியில் வந்து அப்பிக்கொள்ள, நனைந்த இலைகளின் வாசமும் சூடேறிய பிரேக்கின் நாற்றமும் கலந்து உள்ளே வர, ஒவ்வொரு வளைவிலும் அந்தச் சத்தம் ஒரு கணம் பிந்தி வளைந்து பின்தொடர்ந்தது.

அன்றைக்கும் மூடுபனிதான். எதன் மேலோ கார் ஏறி இறங்கியது. டப்பா சக்கரத்தில் மாட்டியிருக்கும் என்றான் கோல்பி. அவளும் நம்பினாள். அதன்பிறகு ஒரு மைல் தூரம் டப்பாச் சத்தம் கனத்துக் கேட்டது, எதையோ இழுத்து வருவதுபோல. வியூ பாயிண்டில் அவன் இறங்கிப் போய்க் கயிற்றை அறுத்து, எல்லாவற்றையும் பள்ளத்தில் தள்ளிவிட்டு வந்தான். அவளுடைய கல்யாண முக்காட்டில் கையைத் துடைத்தான். வெள்ளைத் துணி சிவந்தது. "துரு" என்றான்.

மறுவாரம், இந்த மலையில் நடக்க வந்த ஒரு பெண்ணைக் காணவில்லை என்று கடைக்குக் கடை படம் ஒட்டியிருந்தது. மெரடித் அவனை எதுவும் கேட்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவள் நெஞ்சு ஒரு வருஷமாக அவளைத் தூங்கவே விடவில்லை.

கடகட. இப்போது கனத்து.

"நிறுத்து கோல்பி. இந்தத் தடவ நானும் பாக்கணும்."

"சும்மா இருடி!" அவன் குரல் நடுங்கியது. அவனுக்கும் முதலிலிருந்தே கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

அதே வியூ பாயிண்டில் கார் நின்றது. சத்தம் நிற்கவில்லை.

"நீ எறங்காத. நான் பாத்துக்கறேன்." அன்றைக்குச் சொன்ன அதே வார்த்தை. பேனாக்கத்தியோடு இறங்கிப் போனான்.

அவள் கதவுப் பிடியில் கை வைத்தாள். இறங்கவில்லை. இந்த முறையும்.

பக்கக் கண்ணாடியில் அவன் வண்டிக்குப் பின்னால் குனிவது தெரிந்தது. பிறகு வெறும் பனி.

அலறல் இல்லை. டப்பாக்கள் மட்டும் சரளைக் கல்லில் இழுபட்டன. பள்ளத்தை நோக்கி. மெதுவாக. நின்றன.

"கோல்பி?"

காலில் ஈரம். குனிந்து பார்த்தாள்.

கணுக்காலில் கயிறு. துருக்கறை படிந்த முடிச்சு. கதவிடுக்கு வழியாக வெளியே போய்ப் பனிக்குள் மறைந்தது.

அதன் மறுமுனையில் ஒரே ஒரு டப்பா கடகடத்தது. கயிறு மெல்ல விறைத்தது.