மேற்குச் சுவருக்கு ஏழு மதிப்பெண்

“நான் இதை ஆடிப் பார்க்கணும் சார்.”

சக விமர்சகர் மெர்லின் அக்காவின் பிஸ்கட் டீக்குள் விழுந்தது. தலைமை விமர்சகர் முனைவர் வைத்தீஸ்வரன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மெர்லின் அக்கா சொல்லியிருந்தார்: இந்த மன்றத்தில் லீவு கேள், ஏசி கேள், பிரமோஷன்கூடக் கேள், ஆட்டத்தை ஆடிப் பார்க்கிறேன் என்று மட்டும் கேட்டுவிடாதே.

“கேக்காதேன்னு சொன்னேன்லா மக்கா,” என்று முணுமுணுத்தார், ஸ்பூனால் பிஸ்கட்டைத் தேடியபடி.

“எதைம்மா ஆடிப் பார்க்கணும்?” என்றார் வைத்தீஸ்வரன்.

“களஞ்சியம். ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும்.”

வேலூர் ஆட்டப்பாட மதிப்பீட்டு மன்றத்தில் புதன்கிழமை என்றால் தீர்ப்பு நாள். ஆசிரியர் வேலைக்கு ஆள் எடுப்பதை அரசு நிறுத்திய பிறகு, பாடம் என்றாலே ஆட்டப்பாடம்தான். பிள்ளைகள் கண்ணை மூடும் காட்சிக்கவசத்தை மாட்டி, ஆட்டத்தை நகர்த்தும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வரிசையாக உட்காருவார்கள். கணக்கும் வரலாறும் வீடியோ கேமாக ஓடும். எந்த ஆட்டம் எந்தப் பள்ளிக்குப் போகும் என்பது எங்கள் தீர்ப்பு. எட்டு மதிப்பெண்ணும் அதற்கு மேலும் வாங்கினால் தனியார் பள்ளிகள் அடித்துப்பிடித்து வாங்கும். ஏழு என்றால் ஐந்து வருடத்துக்கு அரசுப் பள்ளிக்கு. அதற்குக் கீழே இறங்கினால் குப்பை. அந்தப் பீரியடுக்குச் சட்டப்படி ஓர் ஆசிரியரை, உயிருள்ள மனிதரை, அனுப்ப வேண்டும். அதனால் ஏழுக்குக் கீழே எந்த ஆட்டமும் இறங்கியதே இல்லை.

மதிப்பெண்ணை நாங்கள் போடுவதும் இல்லை. ஈடுபாட்டுமானி போடும். சோதனைப் பள்ளிகளில் பிள்ளைகளின் நாடித்துடிப்பு, தலையசைவு, கைப்பிடியின் அழுத்தம் எல்லாவற்றையும் அது அளந்து ஓர் எண்ணை அனுப்பும். அந்த எண்ணுக்கு நாங்கள் மூவரும் உரைநடை எழுதி, கைரேகை வைத்து, சமோசா சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவோம். விமர்சகர் ஆடினால் சொந்த ரசனை கலந்துவிடுமாம். சோறு தின்னாமல் சமையலுக்கு மார்க் போடுகிற வேலை. இதற்குத்தான் நான் எம்.ஏ. படித்தேன்.

அன்றைக்கு வைத்தீஸ்வரன் எழுதிவந்த தீர்ப்புரைதான் என் வாயைத் திறக்க வைத்தது. கணீரென்று வாசித்தார்: “களஞ்சியத்தின் மேற்குச் சுவரோரம் மாணவர்கள் நெடுநேரம் நின்று லயிக்கிறார்கள். நாடி தணிகிறது; தலை அசைவதில்லை. ஒரு வெற்றுச் சுவரைத் தியான வெளியாக மாற்றிய வடிவமைப்பாளரின் ஆழம் வியக்கத்தக்கது. மதிப்பெண் ஏழு.”

திரையில் வெப்பப்படம் இருந்தது. பிள்ளைகள் அதிகம் நின்ற இடம் சிவப்பாகத் தெரியும். ஆட்டத்தில் வரும் வயல் முழுக்க வெளிர் நீலம். மேற்குச் சுவரில் மட்டும் ரத்தச் சிவப்பு.

அந்தச் சிவப்பு எனக்குத் தெரியும். நான் ஆம்பூர் அரசுப் பள்ளியில் ஏழு மதிப்பெண் ஆட்டங்களிலேயே வளர்ந்தவள். அம்மா ஷூ கம்பெனியில் தைத்தார். அங்கே வெட்டிப்போட்ட எலாஸ்டிக் துண்டுகளை நான் பை நிறைய வகுப்புக்குக் கொண்டுபோவேன். கைப்பிடியை முன்னால் தள்ளி எலாஸ்டிக்கால் கட்டிவிட்டால், ஆட்டத்துக்குள் இருக்கும் ஆள் தானாக நடந்துபோய் ஏதாவது ஒரு சுவரில் முட்டிக்கொண்டே இருப்பான். நாங்கள் கவசத்துக்குள் தூங்குவோம். வருகைப்பதிவு விழும். என் தங்கை இனியா இப்போது அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். களஞ்சியம் அவளுக்குத்தான் வரப்போகிறது.

“சார், அது தியானம் இல்ல. கைப்பிடியைக் கட்டிவெச்சிட்டுத் தூங்குறாங்க,” என்றேன்.

“யூகத்தைப் பேசாதேம்மா. மானி பேசுது பார்.”

“அதான் ஆடிப் பார்க்கலாம்ங்கிறேன். விதி இருக்கே.”

விதி இருந்தது. மன்றம் தொடங்கிய காலத்தில் யாரோ நல்லெண்ணத்தில் எழுதி, பிறகு எல்லோரும் மறந்தது. ஒரு விமர்சகர் கேட்டால் மூவரும் ஆட வேண்டும். மூவரும் முடிக்கும்வரை தீர்ப்பறைக் கதவு திறக்காது. மானியின் எண் செல்லாது. மூவரும் தங்கள் எண்ணைப் போட வேண்டும், சராசரிதான் தீர்ப்பு.

“உன்னோட வேலை இன்னும் நிரந்தரம் ஆகலை, சுடர்க்கொடி. அந்தக் கையெழுத்து நான் போடணும்,” என்றார். “ஞாபகம் இருக்கட்டும்.”

“இருக்கு சார். கவசத்தை மாட்டுங்க.”

கதவு சொடுக்கென்று பூட்டிக்கொண்டது.

களஞ்சியம் மோசமான ஆட்டம் இல்லை. மோசமாக இருந்திருந்தால் யாராவது எப்போதோ திட்டியிருப்பார்கள். அது சுமாரான ஆட்டம். சுமாரைத் திட்டக்கூட யாருக்கும் தோன்றுவதில்லை. வயலில் மூட்டை கிடக்கும். எடுத்துத் தோளில் வைத்துக் களஞ்சியத்துக்கு நடக்க வேண்டும். வாசலில் மீசை வைத்த ஒருவர் கேட்பார்: “ஆறு மூட்டையும் நாலு மூட்டையும் சேர்ந்தால்?” பத்து என்றால், “சபாஷ்!” திரும்பப் போய் அடுத்த மூட்டை. வானம் அழகாகத்தான் இருந்தது. ஒரு கொக்குகூடப் பறந்தது. ஒவ்வொரு நடைக்கும் அதே கொக்கு.

“நல்லா வேகமாப் போகுது,” என்று வைத்தீஸ்வரன் கவசத்துக்குள்ளிருந்து அறிவித்தார். “விவசாயத்தின் மேன்மை பிள்ளைகளுக்குப் புரியும்.”

“சபாஷ்!” என்றார் மீசைக்காரர்.

கொஞ்ச நேரத்தில் மெர்லின் அக்கா பல்லைக் கடிப்பது கேட்டது. “இந்த மீசை வாயை மூட ஏதாவது பட்டன் உண்டா?”

“கிடையாது அக்கா.”

“தப்பான விடை சொன்னா?”

“‘முயற்சி செய், சபாஷ்’னு சொல்வாரு.”

“கர்த்தாவே.”

மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியதும் வைத்தீஸ்வரன் பேச்சை நிறுத்தினார். நான் என் மூட்டைகளை முடித்துக் கவசத்தைக் கழற்றினேன். எங்கள் மூவரின் ஈடுபாடும் சுவர்த்திரையில் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு நாலு. அக்காவுக்கு மூன்று. வைத்தீஸ்வரனின் எண் ஏறிக்கொண்டே போய் ஒன்பதைத் தாண்டி நின்றது. பக்கத்தில் பச்சை எழுத்து: ‘ஆழ்ந்த லயிப்பு.’

அவர் பக்கம் திரும்பினேன். நாற்காலியில் சாய்ந்திருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. மேசைமேல் எப்போதும் இருக்கும் பித்தளைப் பெயர்ப்பலகை, ‘முனைவர்’ என்ற கொட்டை எழுத்தோடு, கைப்பிடிமேல் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் கனத்தில் கைப்பிடி முன்னால் அழுந்தியிருந்தது. அவருடைய திரையில் ஒரு விவசாயி தோளில் மூட்டையோடு மேற்குச் சுவரில் முட்டி முட்டி நடந்துகொண்டிருந்தான்.

அக்காவும் தன் கடைசி மூட்டையை இறக்கிவிட்டுக் கவசத்தைத் தூக்கிப் பார்த்தார். அவர் சிரித்த சிரிப்பில் வைத்தீஸ்வரன் துள்ளி எழுந்தார். பெயர்ப்பலகை டைல்ஸில் விழுந்து கணகணவென்று சுழன்றது.

“லயிச்சிட்டீங்களா சார்?” என்றேன்.

“கை வலிச்சுது. ஒரு நிமிஷம் ஓய்வு…”

“மானி அப்படிச் சொல்லலையே. தியான வெளிங்குது.”

அவர் திரையைப் பார்த்தார். தன்னுடைய ஒன்பதைப் பார்த்தார். வெப்பப்படத்தில் புதிதாக ஒரு சிவப்புப் புள்ளி, பிள்ளைகளின் சிவப்பின்மேல் சரியாகப் பொருந்தி உட்கார்ந்திருந்தது. அவர் முகம் சுருங்கியதைப் பார்க்க எனக்கு இரக்கமாக இருந்தது என்று எழுத ஆசைதான். இல்லை. நன்றாக இருந்தது.

“எத்தனை மூட்டை பாக்கி சார்?” என்று அக்கா எட்டிப் பார்த்தார். “ஐயோ, பாதிகூட ஆகலையே. நீங்க முடிக்காம கதவு திறக்காது.”

அவர் முடித்தார். நாங்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஆறிப்போன சமோசாவைத் தின்றபடி பார்த்தோம். ஒவ்வொரு நடைக்கும் கொக்கு பறந்தது. ஒவ்வொரு விடைக்கும் அவரை மீசைக்காரர் பாராட்டினார். கடைசி மூட்டை இறங்கியபோது அவர் சட்டை நனைந்திருந்தது. கவசத்தைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“சரிம்மா,” என்றார். குரலில் முனைவர் இல்லை. “சுமார்தான். ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணுமே இல்லாததுக்கு இது தேவலை. இதைத் தூக்கிட்டா அனுப்ப ஆசிரியர் கிடையாது, எல்லாப் பள்ளிக்கும் அந்தப் பீரியட் காலி. நாப்பது பிள்ளைங்க சும்மா உக்காந்திருக்கும். ஏழு போடு. நாளைக்கே உன்னை நிரந்தரம் பண்றேன். உன் வீட்டுல முதல் டிகிரி நீ. விட்டுடாதே.”

“என் வீட்டுல முதல் டிகிரி நான்தான். அதனாலதான் சொல்றேன்,” என்றேன். “சும்மா உக்காந்திருந்தா பிள்ளை வாயைத் திறந்து ‘போரடிக்குது’ன்னு சொல்லும். யாராவது கேப்பாங்க. இதுக்குள்ள உக்காந்தா, லயிச்சிருக்குன்னு நீங்க எழுதிடுறீங்க. அஞ்சு வருஷம் சார்! நான் அந்தச் சுவர்ல முட்டிக்கிட்டு இருந்தப்போ உங்க மாதிரி ஒருத்தர் இங்க உக்காந்து என் தூக்கத்துக்கு மார்க் போட்டிருக்காரு.”

என் எண்ணை அழுத்தினேன். மூன்று.

“ரொம்பத் தாராளம் உனக்கு,” என்று சொல்லி மெர்லின் அக்கா இரண்டு போட்டார். பிறகு விரல்விட்டு எண்ணினார். “சார் பத்தே போட்டாலும் சராசரி அஞ்சு.” மீசைக்காரர் குரலில் அவரே கத்தினார்: “சபாஷ்!”

வைத்தீஸ்வரன் பெயர்ப்பலகையைத் தரையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். கடைசியில் நாலு போட்டார். சராசரி மூன்று. மன்றத்தின் வரலாற்றில் தோற்ற முதல் ஆட்டம். கதவு திறந்துகொண்டது. மாலை வெயில் நடைபாதையில் நீளமாக விழுந்திருந்தது.

“ஜெயிச்சிட்டே,” என்றார் கசப்போடு. “திங்கட்கிழமை உன் ஆம்பூர்ல அந்த வகுப்புக்குள்ள ஆசிரியரா யார் போவா? வேலூரைவிட்டு, ஏசியைவிட்டு, பாதிச் சம்பளத்துக்கு? நீ போவியா?”

அந்தக் கேள்வியை மூட்டை சுமக்கும்போதே நான் என்னையே கேட்டு முடித்திருந்தேன். கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி அவர் முன்னால் வைத்தேன். மெர்லின் அக்கா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசி சமோசாவைக் காகிதத்தில் சுற்றி என் பைக்குள் திணித்தார்.

வாசல் வரை போனவள் திரும்பி வந்தேன். என் தலைமுடியில் கட்டியிருந்த கறுப்பு எலாஸ்டிக்கை உருவினேன். அம்மா கம்பெனித் துண்டு, இன்னும் இறுக்கம் போகாதது. அடையாள அட்டையின் பக்கத்தில் வைத்தேன்.

“அடுத்த தடவை பெயர்ப்பலகை வேண்டாம் சார், வழுக்கும்,” என்றேன். “இது நல்லா நிக்கும்.”

முடி அவிழ்ந்து தோளில் விழ, வெயிலுக்குள் நடந்தேன்.