கடல் பார்க்கப் போன இரண்டு நாள்

"தம்பி, பாண்டிச்சேரி போகலையா?"

பக்கத்து வீட்டு சோணையம்மாள் போனில் இப்படிக் கேட்டபோது கிரிதரன் பாண்டிச்சேரியில்தான் இருந்தான். மஞ்சள் சுவர்களும் சாத்திய நெட்டை ஜன்னல்களுமாக நீண்டு கிடந்த பழைய பிரெஞ்சுத் தெருவில், காகிதப்பூக் கொடிக்குக் கீழே மனைவி பத்மாசினியை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

"ஏன்க்கா?"

"வீட்டுக்குள்ள ஒங்க சத்தம் கேக்குதே. ஒங்க சௌராஷ்டிர பாஷையில பேசிக்கிட்டு இருக்கீங்க."

கிரிதரன் படம் எடுப்பதை நிறுத்தினான். மதுரை திருநகரில் இருந்த அந்த வீட்டில் அவனுடைய அண்ணன் ஹரிநாராயணன் மட்டும்தான் இருந்தார். ஐம்பது வயது; பிறந்ததிலிருந்து பேச்சு வரவில்லை. ஊட்டினால் சாப்பிடுவார். ஊட்டாவிட்டால் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் கணவனும் மனைவியும் ஒன்றாக வெளியூர் போனதே இல்லை. இந்தச் சனி, ஞாயிறு அண்ணனைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன வீட்டு வேலைக்கார ராக்கம்மாள் கடைசி நேரத்தில் கைவிரித்துவிட்டாள். பத்மாசினி சண்டை போடவில்லை. அடுக்கிய புடவைகளைப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். அதைப் பார்க்கப் பொறுக்காமல் அவன்தான் சொன்னான், "ஒரு ராத்திரிதானே." நான்கு தட்டில் தயிர்சாதம் போட்டு மூடிவைத்தார்கள். பசித்தால் தானே எடுத்துச் சாப்பிடுவார் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அண்ணனையும் கூட்டிப்போவதாகச் சோணையம்மாளிடம் சொல்லிவைத்துவிட்டு, வெளியே பூட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

இப்போது உண்மையைச் சொன்னால் தெருவே காறித் துப்பும்.

"ஆமாக்கா, போகல," என்றான். "அண்ணனுக்குக் காய்ச்சல். வீட்லதான் இருக்கேன்."

யார் போனில் என்று பத்மாசினி கேட்டாள். ஆபீஸ் என்றான்.

சாயங்காலம் கடற்கரைச் சாலையில் உட்கார்ந்திருந்தார்கள். கருங்கற்களில் மோதித் தெறித்த அலையின் உப்பு உதட்டில் கரித்தது. எங்கோ சோளம் சுடும் வாசனை. பத்மாசினி சின்னப் பிள்ளைபோலக் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். மறுபடியும் போன். அவன் எழுந்து தள்ளிப் போனான்.

"அண்ணனுக்குச் சொகமாயிருச்சா தம்பி? சிரிக்கிறாரே! இம்புட்டு வருஷத்துல அவரு சிரிச்சு நான் கேட்டதில்ல." சோணையம்மாளின் குரல் தழுதழுத்தது. "பெத்த தாய்கூட அம்புட்டுப் பொறுமையாப் பேச மாட்டா. நீங்க நல்லா இருக்கணும்."

அவனுக்குக் காது மடல் எரிந்தது. அலைச் சத்தம் கேட்டுவிடக் கூடாதென்று போனைக் கையால் பொத்திக்கொண்டு, "சரிக்கா," என்றான்.

சோணையம்மாள் மதிலோரம் நடந்துபோவது போனில் கேட்டது.

"தம்பி, நீங்க எங்கூடப் பேசிக்கிட்டு இருக்கீங்க."

"ஆமாக்கா."

"அங்கிட்டு வீட்டுக்குள்ளயும் பேசுறீங்களே."

போனை அணைத்துவிட்டான்.

விடியுமுன் கிளம்பினார்கள். அவன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தான்; பத்மாசினி வழி நெடுக ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். திருநகர் வந்தபோது உச்சி வெயில். தெருவில் ஆளில்லை. பூட்டு போட்டபடியே தொங்கியது. சாவியைத் திருப்பினான். பத்மாசினி வாசற்படியிலேயே நின்றுகொண்டாள்.

உள்ளே புளித்த தயிரின் நாற்றம். நான்கு தட்டும் மூடியபடி இருந்தன. எறும்பு ஏறியிருந்தது.

அதையும் மீறி இன்னொரு வாசனை. தேங்காயெண்ணெய். சுடுசோறு.

அண்ணனின் அறைக்கதவு பாதி திறந்திருந்தது.

அண்ணன் கட்டிலில் இருந்தார். குளித்து, சவரம் செய்து, தலை வாரி, துவைத்த வேட்டியில். எதிரே முக்காலியில் முதுகைக் காட்டி ஒருவன்.

கிரிதரன் அந்த முதுகைப் பார்த்தான். உச்சியில் வழுக்கை. இடது தோள் சற்றே தூக்கல். அவனுடைய தோள். அவனுடைய வழுக்கை.

"அண்ணே" என்று கூப்பிட வாயெடுத்தான். அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். அவர் முகம் வெளிறியது. கட்டிலில் பின்னுக்கு நகர்ந்தார்.

முக்காலியில் இருந்தவன் திரும்பவில்லை. சோற்றைப் பிசைவதை நிறுத்தவும் இல்லை.

"கதவச் சாத்திட்டுப் போங்க," என்றான். கிரிதரனின் குரல். ஆனால் கிரிதரன் எந்நாளும் பேசியிராத நிதானம். "பயப்படுறாரு."

கிரிதரன் தலை குனிந்தான்.

கதவை இழுத்துச் சாத்தினான். ஒடுங்கிக்கொண்டே போன இடுக்கில் கடைசியாகத் தெரிந்தது, அடுத்த கவளத்துக்குத் திறந்த அண்ணனின் வாயும் அதை நோக்கிப் போகும் தன் கையும்.