பெயர் சொல்லாத ஓலை

அந்தி வெயில் பாலாற்று நீரில் பொன்னைக் கரைத்துக்கொண்டிருந்த வேளையில், மருதங்கோட்டை முற்றத்தில் ஒரு வீரனின் தலை தப்புமா என்ற வழக்கு நடந்துகொண்டிருந்தது. பகைவனுக்குப் போகும் வழியில் பிடிபட்ட ஓலையின் வாசகம் மேலைவாயில் காவலன் வீதிவிடங்கனுடையதே என்று அரசரின் ஓலைகளைப் படித்துத் தேரும் ஓலைநாயகம் குவாவன் சொல்லிவிட்டால், சூரியன் மறையுமுன் அந்தத் தலை உருளும்.

அன்பு வாசகர்களே, அதைச் சொல்லக் குவாவனுக்கு எத்தனை ஆசை தெரியுமா! அரசியின் தோழி அரிஞ்சிகை அந்த ஆஜானுபாகுவை ஒருமுறை கடைக்கண்ணால் பார்த்துவிட்டாள்; அன்று பற்றிய வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. ஆனாலும் ஒரு தைரியம். மாலைதோறும் தேடி வந்து, "குவாவரே, குவாவரே" என்று வாய் நிறைய அழைத்துக் கோட்டைச் செய்திகளைக் கேட்பவள் அவளல்லவா? வீதிவிடங்கன் பெயரை அவள் ஒருநாளும் எடுத்ததில்லை.

வழக்குக்கு வந்த ஓலையைச் சபையில் மும்முறை உரக்கப் படிப்பது மரபு. குவாவன் படித்தான்.

"கீழைவாயிலில் ஊரன். தென்வாயிலில் எழுவன். மேலைவாயிலில் அவர். அவருக்கு மட்டும் தீங்கு நேரலாகாது."

"பகைவனிடம் தன் உயிருக்குக் காப்புக் கேட்டிருக்கிறான், துரோகி!" என்று கர்ஜித்தார் சேனாபதி.

மூன்றாம் முறை படிக்கையில் 'அவர்' என்ற இடத்தில் குவாவனின் நாக்கு நின்றது. மற்றவர்களை மொட்டையாகப் பெயர் சொன்ன கை, இந்த ஒருவன் பெயரை எழுத மட்டும் ஏன் கூசியது? ஐயோ, ஓர் ஆண்மகனின் பெயரைச் சொல்லக் கூசுகிறவள் ஒருத்திதானே! அவன் கண்கள் பெண்கள் வரிசைக்கு ஓடின. அரிஞ்சிகையின் முகம் வெளுத்திருந்தது.

ஒரு பொய் சொன்னால் போதும், போட்டி ஒழிந்தது. பாழும் நா அதற்கு எழவில்லை.

"அரசே, இதை எழுதியவர் இவரல்லர். இவருடைய மனைவி."

"அவனுக்கேது மனைவி?" என்று வியந்தார் அரசர்.

குவாவன் அரிஞ்சிகையின் பக்கம் திரும்பினான். "அம்மணி, மேலைவாயில் காவலரின் பெயரைச் சபையறியச் சொல்லுங்கள். சொல்லிவிட்டால் நான் பொய்யன்."

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று அவன் நெஞ்சு அடித்துக்கொண்டது. அவளோ மேலாடைக்குள் மறைத்திருந்த தாலியைப் பற்றிக்கொண்டு அரசரின் காலில் விழுந்தாள்.

"நான்தான் பகைநாட்டு உளவாளி, அரசே! அவர் ஏதும் அறியாதவர், அவரை விட்டுவிடுங்கள்!"

காவலர் அவளை இழுத்துச் செல்லும்போது அவள் திரும்பிப் பார்த்தாள்.

"என்னை மன்னியுங்கள், குவாவரே!"

தன் பெயரை அவள் எவ்வளவு கூச்சமின்றிச் சொல்கிறாள் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.