பானெட்டில் ஒட்டிய கோழி இறகுகள்

அந்தச் சிவப்பு ஃபியட் புஸ்ஸென்று ஆவி கக்கி நின்ற இடம், திருச்செங்கோட்டு ரோட்டில் சௌந்திரத்தின் கோழிப்பண்ணை வாசல். நின்ற நேரமோ, கோழிகள் முட்டையிடும் காலை நேரம்.

"ஏனுங்க, இந்தச் சத்தத்துல கோழி மிரண்டா முட்டை எப்புடிங்க வெக்கும்?"

பானெட்டைத் திறந்து குனிந்திருந்த செங்கோடன் நிமிர்ந்தான். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கும் சின்னுசாமியின் ஒரே மகன். யாரிடமும் வாய்கொடுத்துத் தோற்காதவன். அன்றைக்குப் பார்த்து, எதிரே நின்ற சௌந்திரத்தின் இவ்வளவு பெரிய கண்களில் இவ்வளவு கோபமா என்று பார்த்தபடியே நின்றுவிட்டான்.

"ஒரு கொடம் தண்ணி... கெடைக்குங்களா?"

தண்ணீர் என்றதும் அவள் கோபம் போன இடம் தெரியவில்லை. குடத்தோடு வந்தவள், திறந்திருந்த பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தாள்.

இன்ஜின் ஆறும் வரை அவன் புலம்பித் தீர்த்தான். "ரேஸ்ல வேகமாப் போவோணும்னு டர்போ பூட்டினனுங்க. அது தள்ளற காத்து கொதிக்குது. அதைக் குளுத்தறதுக்கு இன்டர்கூலர் வெச்சா, அது இன்ஜின் சூட்டைத் தணிக்கற ரேடியேட்டரை மறைக்குது. முன்னால காத்து வர எத்தனை பெருசா ஓட்டை வெட்டி உட்டும் சூடு தணியலீங்க. ரேஸ்ல ரெண்டு வாட்டி நடுவுலயே நின்னு போச்சு. அடுத்த மாசம் சோழவரம் ரேஸ்லயும் நின்னா, வண்டிய வித்துப்போட்டுப் பட்டறைக்கு வந்தரோணும்னு அப்பா சொல்லிட்டாரு."

அவள் சிரிக்கவில்லை. கேலி செய்யாமல் கேட்ட முதல் ஆள் அவள்தான்.

"காத்து உள்ள வர வழி வெச்சிருக்கீங்க. வெளிய போறதுக்கு எங்கீங்க வழி? எங்க கொட்டாயப் பாருங்க. பக்கமெல்லாம் வலை, கூரை உச்சியில தொறப்பு. அதை அடைச்சா வெய்ய காலத்துல ஒரு கோழி தங்காதுங்க."

செங்கோடனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு வருஷமாக அவன் வண்டியின் முன்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

வழி வைப்பது சரி... எங்கே வைப்பது? யோசித்தவனின் பார்வை அவள் தலையில் போய் நின்றது. கூந்தலில் சிக்கிய குட்டி இறகு ஒன்று, காற்று அசைந்த பக்கமெல்லாம் அசைந்தது.

"என்னத்த அப்புடிப் பாக்கறீங்க?"

"இறகுங்க... காத்து போற பக்கத்தைக் காட்டுது."

அவள் முகம் சிவந்தது. ஆனாலும் உள்ளே போய் ஒரு கை நிறைய இறகு அள்ளி வந்து, பானெட் முழுக்க வரிசையாக, அடிக்காம்பு மட்டும் ஒட்டும்படி ஒட்டிக் கொடுத்தாள். அவன் இரண்டு மைல் ஓட்டிப் பார்த்தான். முன்கண்ணாடி ஓரத்து இறகுகள் அமுங்கியே கிடந்தன. முன்பாதியில் ஒட்டியவை மட்டும் மேலே எழும்பித் துடித்தன. காற்று வெளியே போக விரும்பும் இடம் அதுதான். அங்கே பானெட்டில் இருவருமாக ஓட்டை வெட்டினார்கள். உள்ளே வரும் காற்று ரேடியேட்டர் வழியாகவே போகும்படி, அதன் இரு பக்கச் சந்துகளையும் தகரம் வைத்து அடைத்தார்கள். அந்த மாதத்தில் செங்கோடன் பண்ணைக்கு ஆறு தடவை வந்தான். நாலு தடவை வண்டிக்காக வந்தான் என்று சொல்லலாம்.

சோழவரத்தில் சூடு காட்டும் முள் எல்லை தாண்டவே இல்லை. வண்டி முழுசாக ஓடி மூன்றாவதாக வந்தது.

பட்டறையில் சின்னுசாமி ஊரைக் கூட்டி இனிப்புக் கொடுத்தார். செங்கோடன் அழைத்ததால் சௌந்திரமும் வந்திருந்தாள், கையில் ஒரு அட்டை முட்டையோடு.

"இந்த ஓட்டை ஆரு யோசனைப்பா?" என்று பானெட்டைக் காட்டிக் கேட்டார் ஒரு லாரிக்காரர்.

அத்தனை பேர் பார்க்க, கோழிப்பண்ணைப் பெண் சொல்லிக் கொடுத்தாள் என்று சொல்ல அவனுக்கு வாய் கூசியது. "நம்மளதுதானுங்க," என்றான்.

முட்டை அட்டையை ஓரமாக வைத்துவிட்டு அவள் போனது அப்புறம்தான் அவன் கண்ணில் பட்டது. கையிலிருந்த இனிப்பைக் கீழே வைத்தான். எல்லோரையும் கையமர்த்தி உரக்கச் சொன்னான்.

"நான் சொன்னது பொய்யிங்க. யோசனை சௌந்திரத்தோடது. அவங்க இல்லீன்னா இந்த வண்டி இன்னைக்கு இங்க இல்லீங்க."

சின்னுசாமி மகனை மேலும் கீழும் பார்த்தார். "அதை எங்ககிட்டச் சொல்லி என்னடா ஆவுது? போயி அந்தப் புள்ளகிட்டச் சொல்லு."

லேசாகத் தூறல். வண்டியைச் சுற்றிக் கூட்டம் நின்றதால் பட்டறைச் சைக்கிளை மிதித்து, நனைந்தபடி பண்ணைக்கு வந்தவனைக் கண்டும், அவள் தீவனம் வைப்பதை நிறுத்தவில்லை.

"தப்புப் பண்ணிப்போட்டனுங்க. எல்லார்கிட்டயும் நெசத்தைச் சொல்லிட்டுத்தான் வாரேன்."

"சரிங்க."

"உங்களுக்கு நன்றி சொல்லோணும்..."

"சொல்லிட்டீங்கல்ல. மழை பெருசா வரும், கெளம்புங்க."

அவன் கிளம்பவில்லை. இனி ஒரு தடவை வாயை மூடிக்கொண்டு நிற்க அவனுக்குத் தெம்பில்லை.

"ஒருக்கா சொன்னாத் தீராதுங்க சௌந்திரம். எனக்கு உங்களைப் புடிச்சிருக்குது. நெதமும் காலைல எந்திரிச்சதும், ஒரே ஊட்டுல இருந்து சொல்லோணும்னு நெனைக்கறனுங்க. உங்களுக்குச் சம்மதம்னா அப்பாவைக் கூட்டியாரேன்."

தீவனச் சட்டி கையில் அப்படியே நின்றது. அவள் தலை நிமிராமல் சொன்னாள்.

"நெதமும் சொன்னாச் சலிச்சுப் போயிருங்க... ரெண்டு நாளைக்கு ஒருக்கா சொல்லுங்க, போதும்."