முழுதாக ஐந்து நிமிடம்

இவ்வளவு வலிக்கிற வயிறு இப்படி மெத்தென்று இருக்கக் கூடாது. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தன் வயிற்றைத் தானே நான்காவது முறையாக அமுக்கிப் பார்த்தாள் அவள். அறுவை சிகிச்சை வார்டில் முப்பத்திரண்டு வருடம் நர்சாக இருந்தவள். பெரிய டாக்டரே, "சிஸ்டர், நீங்க ஒரு தடவை கை வச்சுப் பாருங்க" என்பார். பலகை மாதிரி இறுகியிருந்தால் ஆபத்து. மெத்தென்று இருந்தால் வெறும் வாயு. அந்தக் கையின் கர்வத்தில்தான் காலை ஒன்பதிலிருந்து வெந்நீரைக் குடித்துக்கொண்டு கிடந்தாள்.

பகல் மூன்று மணி. மூடிய ஜன்னலுக்கு அப்பால் யாரோ வாளியை இழுக்கும் சத்தமும், தலையணையில் வாந்தியின் புளித்த வாடையும், கூரையில் சுற்றிச் சுற்றி வரும் மின்விசிறி நிழலும் வலியின் ஊடே வந்து வந்து போயின. இந்த வீட்டில் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. அதை இன்றுதான் பயத்தோடு நினைத்தாள்.

மூன்றேகாலுக்கு வலி நின்றது. சட்டென்று. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

பஸ்ஸில் வந்துகொண்டிருந்த மகளைப் போனில் கூப்பிட்டாள். "வலி விட்டுடுச்சுடி. நீ திரும்பிப் போ."

"நிஜமாவா? வயித்துல பாலை வார்த்தம்மா! அப்ப அடுத்த ஸ்டாப்புல இறங்கி ஆபீசுக்கே போயிடுறேன். நீ நல்லா தூங்கு."

போனை வைத்த பிறகுதான், முன்பு வார்டில் கிடந்த ஒன்பதாம் கட்டில்காரர் ஞாபகத்துக்கு வந்தார். அவருக்கும் வயிறு மெத்தென்றுதான் இருந்தது. அவளைப் போலவே தாறுமாறாகத் துடிக்கும் இதயம். அங்கிருந்து கிளம்பிய ரத்தக் கட்டி, குடலுக்குப் போகும் குழாயை அடைத்திருந்தது. சாயங்காலம் வலி நின்று சிரித்தார். "குடல் செத்துட்டா வலிக்காது சிஸ்டர். காலையிலயே வயித்தைத் திறந்திருந்தா பிழைச்சிருப்பார்" என்றார் டாக்டர் மறுநாள்.

ஈறில் ரத்தம் கசிகிறதென்று, ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரையை அவள் நிறுத்திப் பத்து நாள்.

மேஜை டிராயரிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக் காதில் மாட்டினாள். தொப்புளுக்கு வலப்பக்கம் வைத்தாள். குடல் எப்போதும் எதையாவது முணுமுணுக்கும். சத்தமில்லை. இல்லை என்று எழுதுமுன் முழுதாக ஐந்து நிமிடம் கேட்க வேண்டும். அவசரப்பட்ட பயிற்சி நர்சுகள் எத்தனை பேரைத் திட்டியிருக்கிறாள்.

ஐந்து நிமிடம். இல்லை.

இடப்பக்கம். இன்னொரு ஐந்து. இல்லை. கீழே. இல்லை. மறுபடி வலப்பக்கம். வந்துவிடும். ஒரே ஒரு முணுமுணுப்பு.

கையருகே போன் ஒளிர்ந்தது, அதிர்ந்து அதிர்ந்து மெத்தையில் நகர்ந்தது. மகள். அவள் அதைப் பார்த்தாள். வார்டில் உறவுக்காரர்களை அடக்குவதுபோல் உதட்டில் விரலை வைத்து, "உஷ்" என்றாள். புதிதாக ஐந்து நிமிடம் எண்ணத் தொடங்கினாள்.